மழைக்கால வீட்டுக் காற்று: சென்னைக் குறிப்புகள்

19 அக்டோபர் 2025, ஞாயிறு

நாளை தீபாவளி. ஆஸ்துமா, சிஓபிடி (நாள்பட்ட மூச்சடைப்பு நுரையீரல் நோய்), இதயநோய் உள்ளவர்களின் படுக்கையை இன்றே தெருப்பக்க அறையிலிருந்து பின்னறைக்கு மாற்றிவிடுங்கள். கதவடி இடைவெளியில் பழைய வேட்டியைச் சுருட்டி வைத்தால் போதும். திணறல் வந்தால் எடுக்கும் நீல நிற நிவாரண இன்ஹேலரில் எத்தனை டோஸ் மீதி என்று பாருங்கள். தினசரித் தடுப்பு இன்ஹேலரை "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று நிறுத்தியவர்கள்தான் பண்டிகை இரவில் மூச்சுத்திணறி வருகிறார்கள். அந்த மருந்து மூச்சுக்குழாய் வீக்கத்தை மெல்லத் தணிப்பது. திணறல் வந்தபின் எடுத்தால் அந்த நேரத்துக்கு உதவாது.

புகை வெடி ஓய்ந்ததும் போய்விடாது. இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து மேலெழாமல் தங்குவதால், விடியற்காலையில் ஜன்னலைத் திறப்பது வெளிப்புகையை உள்ளே அழைப்பதுதான். வெயில் ஏறி, காற்று ஓடத் தொடங்கியபின் திறக்கலாம்.

22 அக்டோபர்

ஏசி போட்டால் காற்று சுத்தமாகும் என்பது வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. ஸ்ப்ளிட் ஏசி அறைக்காற்றையே சுற்றவிடுகிறது. அதன் வலை பஞ்சையும் பெருந்தூசியையும் பிடிக்கும். புகைத்துகளுக்கு அது திறந்த கதவு.

பியூரிஃபையர் வாங்குவதானால் கணக்குப் போட்டு வாங்குங்கள். 10-க்கு 12 அடி அறை, 10 அடி உயரம்: 1,200 கன அடி, அதாவது 34 கனமீட்டர். மணிக்கு 5 முறை காற்று மாற வேண்டுமானால் 170 கனமீட்டர். பெட்டியில் உள்ள சிஏடிஆர் எண், அதாவது மெஷின் தரும் சுத்தமான காற்றின் அளவு (கனமீட்டர்/மணி), அதற்குக் குறையக் கூடாது. அந்த எண் உச்ச வேகத்துக்கானது. சத்தம் பிடிக்காமல் இரவில் 'ஸ்லீப்' வேகத்தில் விட்டால் பாதிகூடக் கிடைக்காது. ஆகவே பெரிய மெஷினை நடு வேகத்தில் ஓட்டுவதே மேல். அயனைசர் பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள். சிலவற்றில் ஓசோன் வரும், அது மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்.

பக்கத்து அறையில் சாம்பிராணி புகைந்துகொண்டிருந்தால் இதெல்லாம் வீண்செலவு.

2 நவம்பர்

கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு "வீட்ல யாரும் சிகரெட் பிடிக்கறதில்ல டாக்டர்" என்கிறார்கள். கரி வைத்துச் செய்த 'புகையில்லா' சுருளில் கண்ணுக்குப் புகை தெரியாதே தவிர, கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு வரும். திரவ மெஷினில் புகை இல்லை, ஆனால் சில ஆஸ்துமாக்காரர்களுக்கு அதன் ஆவியே ஆகாது. கொசுவலைக்கு நிகர் எதுவுமில்லை. ஜன்னல் வலையின் ஓரத்தில் பிரிந்த வெல்க்ரோவையும் பாருங்கள். கொசு வரும் வழி அதுதான்.

9 நவம்பர்

ரத்த ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் ஓரிடத்தில் ஏமாற்றும். ரத்தத்தின் ஹீமோகுளோபினில் ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் மோனாக்சைடு ஒட்டியிருந்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. 98 என்று காட்டும். குளியலறைக்குள் கேஸ் கீசர், மூடிய அறையில் கரி நெருப்பு, பவர்கட்டில் பால்கனி ஜெனரேட்டர் — இவை இருந்து தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் எண்ணைப் பார்க்காமல் ஆளை வெளியே கொண்டுவந்து, 108-ஐ அழையுங்கள். இதயக்குழாய் அடைப்பு உள்ளவருக்கு இந்த வாயு குறைந்த அளவே நெஞ்சுவலியைக் கிளப்பிவிடும்.

16 நவம்பர்

சமையலறை. விறகிலிருந்து கேஸுக்கு மாறியதே பெரிய லாபம். புகையே பிடிக்காத பெண்களுக்கு சிஓபிடி வருவதற்கு விறகுப்புகை முக்கியக் காரணம். ஆனால் கேஸிலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், அது வாயு என்பதால், துகளைப் பிடிக்கும் பியூரிஃபையரின் ஹெப்பா ஃபில்டர் அதைப் பிடிக்காது. வெளியேற்றியாக வேண்டும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் நெடி போகவில்லை என்றால் முதலில் ஜன்னலைப் பாருங்கள். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னல் திறந்திருந்தால் அங்கிருந்து வரும் காற்றையே இழுத்து வெளியே தள்ளும். அடுப்பின் மேலுள்ள புகை அசையாது. அதை மூடி, எதிர்ப்பக்கக் கதவைத் திறந்து வையுங்கள். அடுத்தது ஃபேனின் தகட்டுக் கதவு. எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டடையும் சேர்ந்து பாதி திறந்தபடி ஒட்டிக்கொள்ளும். அடுக்குமாடியில் அந்தச் சந்து வழியே கீழ்வீட்டு மிளகாய் நெடி நம் வீட்டுக்குள் ஏறும். ஸ்விட்ச்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தகடுகளைக் கழற்றிச் சலவை சோடா கலந்த வெந்நீரில் ஊறவைத்தால் பிசுக்கு விடும்.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஃபேனைப் போட்டு, அடுப்பணைத்தபின் 15 நிமிடம் ஓடவிடுங்கள். சுடர் மஞ்சளாக எரிந்தால் பர்னர் ஓட்டை அடைத்திருக்கிறது. ஊசியால் குத்திக் கழுவுங்கள். குழாய் இல்லாத சிம்னி எண்ணெயையும் கொஞ்சம் வாசனையையும் பிடித்துவிட்டு மீதியை முகத்துக்கே திருப்பி அனுப்பும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லாத பொருள்.

29 நவம்பர்

வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளி இருந்தால் பூஞ்சை. பழைய டிபியால் நுரையீரலில் குழி உள்ளவர், நாள்பட ஸ்டீராய்டு எடுப்பவர், கட்டுப்படாத ஆஸ்துமாக்காரர் ஆகியோருக்கு இது வெறும் அழுக்கல்ல. ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை நுரையீரலில் குடியேறும் அல்லது ஒவ்வாமையைக் கிளப்பும். சுத்தம் செய்யும்போது நோயாளி அந்த அறையில் இருக்கக் கூடாது. காய்ந்தபடி துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் பறக்கும். முதலில் சோப்பு நீரால் நனைத்து, பிறகு துடையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்துவிடாதீர்கள். குளோரின் வாயு வரும். பீரோவை ஒரு சாண் தள்ளி வையுங்கள். கசிவை அடைக்காமல் வெள்ளையடித்தால் அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

3 டிசம்பர்

கார்த்திகை தீபம். ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் (அறைக்காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷின்) ஓடும் அறையில் அகல் விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் வேண்டாம். வேறு அறையில், குறைந்தது 10 அடி தள்ளி ஏற்றுங்கள். போர்வையிலும் சட்டையிலும் ஆக்சிஜன் தங்கியிருக்கும், மெஷினை அணைத்த உடனேயும் ஆபத்து உண்டு. கான்சன்ட்ரேட்டர் இழுப்பது அறைக்காற்றைத்தான்: வெளிப்புற ஸ்பாஞ்ச் ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, முழுதும் காயவைத்து மாட்டுங்கள்.

14 ஜனவரி 2026

போகி. வாசலுக்குப் போகவே வேண்டாம். காற்றுமாசைக் காட்டும் கையடக்கச் சென்சார் ஒளிச்சிதறலை வைத்து அளப்பதால் பனிமூட்டத்தில் எண் கூடுதலாகத் தெரியும். ஆஸ்துமா நோயாளிக்கு அதைவிட நம்பகமானது, மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர். நன்றாக இருக்கும் நாட்களில் ஊதிய உச்ச அளவு 400 என்றால், 320-க்குக் கீழே மஞ்சள் எல்லை: மருத்துவர் எழுதிக்கொடுத்த திட்டப்படி மருந்தைக் கூட்ட வேண்டும். 200-க்குக் கீழே சிவப்பு: நிவாரண இன்ஹேலரை ஸ்பேசரில் (இன்ஹேலரோடு மாட்டும் குழாய்) எடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.