எக்ஸ்சேஞ்சில் பழைய கார் எடுக்கும்போது பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான்

டீலரிடம் தன் வண்டியைக் கொடுத்துவிட்டு இன்னொரு செகண்ட் ஹேண்ட் கார் எடுப்பவர்களில் பலர், "நம்ம வண்டிக்கு நல்ல விலை கொடுத்தாங்க" என்ற திருப்தியோடு வெளியே வருகிறார்கள். அந்த விலையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எடுக்கும் வண்டி 100, கொடுக்கும் வண்டி 40 என்றால் மேலே போட வேண்டியது 60. டீலர் உங்கள் வண்டிக்கு 46 தந்து, அவர் வண்டியை 108 ஆக்கினால் நீங்கள் போடுவது 62. ஆறு கூடுதலாகக் கிடைத்த மாதிரி தெரியும், கையிலிருந்து இரண்டு கூடுதலாகப் போயிருக்கும். அதனால் வரி, பெயர் மாற்றம், இதர கட்டணம் எல்லாம் சேர்ந்த விலையில் உங்கள் வண்டியின் மதிப்பைக் கழித்து வரும் வித்தியாசத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டீலர் எந்த எண்ணை மாற்றினாலும் அந்த வித்தியாசத்தை மறுபடி போட்டுப் பாருங்கள்.

பேச்சு இந்த வரிசையில் போக வேண்டும்: முதலில் அவர் வண்டியின் முழு விலை, பிறகு உங்கள் வண்டி, கடைசியில் கடன். "எக்ஸ்சேஞ்ச் இருக்கா?" என்று எடுத்தவுடன் கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டாம். "முதல்ல இந்த வண்டியை முடிச்சுக்கலாம், அதை அப்புறம் பேசலாம்" என்றால் போதும். மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேச விட்டால் ஒரு பக்கம் இறக்கியதை இன்னொரு பக்கம் ஏற்றிவிடுவார்கள்.

உங்கள் வண்டிக்கு அதே வாரத்தில் வேறு மூன்று இடங்களில் விலை வாங்கி, எழுத்தில் வைத்துக்கொண்டு போங்கள். டீலர் கணக்குப் போடுவது இப்படி: அந்த வண்டி ஏலத்தில் அல்லது மொத்த வியாபாரியிடம் என்ன விலைக்குப் போகும், அதில் சீரமைப்புச் செலவு கழித்து, லாபமும் கழித்து மீதி. இதில் பேரம் பேச இடம் இருப்பது சீரமைப்புச் செலவில்தான். டயருக்கு எவ்வளவு கழித்தீர்கள், டென்ட்டுக்கு (நசுங்கலுக்கு) எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பெயிண்ட் உடையாத சின்ன டென்ட்டை உள்ளிருந்து தள்ளியே எடுத்துவிடலாம். அதற்கு முழுக் கதவுக்கும் பெயிண்ட் அடிக்கும் செலவைக் கழித்திருந்தால் அங்கேயே மறுத்துப் பேசலாம். விற்பதற்காகப் பெரிய ரிப்பேர் செய்யாதீர்கள், போட்ட காசு திரும்பாது. உள்ளும் புறமும் கழுவி, எரியாத பல்பை மாற்றி, சர்வீஸ் பில்களையும் இரண்டாவது சாவியையும் எடுத்து வையுங்கள். சிப் உள்ள சாவி தொலைந்திருந்தால் புதிதாகப் புரோகிராம் செய்யும் செலவு உங்கள் தலையில்தான் விழும். வண்டி மேல் கடன் பாக்கி இருந்தால், இன்றைய தேதிக்கு முடிக்க வேண்டிய தொகையைக் கடிதமாக வாங்குங்கள். பாக்கி வண்டியின் மதிப்பைவிட அதிகமென்றால் மிச்சத்தைப் புதுக் கடனில் சேர்த்துவிடுவார்கள். அப்படியானால் கொடுத்துவிட்ட வண்டிக்கும் சேர்த்து வட்டி கட்டுவீர்கள்.

எடுக்கப்போகும் வண்டியைச் சோதிப்பதுதான் பேரத்தின் பலம். குறையைப் பெயர் சொல்லிக் காட்டினால் விலை இறங்கும், "கொஞ்சம் குறைங்க" என்றால் இறங்காது. முதலில் பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சினில்தான் சத்தமும் புகையும் தெரியும் என்பதால் இன்னொரு நாள் காலையில் வாருங்கள். நீலப் புகை ஆயில் எரிவதைக் காட்டும். வெள்ளைப் புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் பெரும்பாலும் எரியறைக்குள் போகிறது, அந்த வண்டியை விட்டுவிடுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டி, பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் சர்வீஸ் பதிவுகளைக் கேளுங்கள். சேசிஸ் எண்ணின் 17 எழுத்துகளும் வண்டியிலும் ஆவணத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வண்டியின் கணினியில் பதிந்த பிழைகளைப் படிக்கும் சிறு கருவியான ஓபிடி ஸ்கேனர் ஒன்று கையில் இருப்பது நல்லது. பிழைக் குறியீடு இல்லை என்று காட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். வண்டியின் சுய பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பல பரிசோதனைகள் முடியாமல் கிடந்தால், குறியீடுகளைச் சமீபத்தில் அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதையும் பல வண்டிகள் காட்டும். வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா, மாற்றிய பில் இருக்கிறதா என்பதும் முக்கியம். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்து, அந்தச் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும்.

நிறைய நாளாக நிற்கும் வண்டியில் விட்டுக்கொடுக்க டீலர் தயாராக இருப்பார். கடன் வாங்கிச் சரக்கு எடுத்தவருக்கு ஒவ்வொரு நாளும் வட்டி ஓடுகிறது. விளம்பரம் போட்ட தேதி, பிரேக் டிஸ்கில் துரு, இறங்கிய பேட்டரி இவற்றை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்கு எண் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காலத்தை நீட்டினால் எந்த விலையையும் அந்தத் தவணைக்குள் அடக்கிவிடலாம். ஃபிளாட் வட்டி இன்னும் மோசம்: கட்டிய அசலைக் கழிக்காமல், கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி போடுவார்கள். 1,00,000 கடன், 5 ஆண்டு, 10 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி 50,000, மாதம் 2,500. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இதே தவணை ஆண்டுக்கு 17 சதவீதத்துக்கு மேல் போகிறது.

உங்கள் வண்டிக்கு வெளியில் கூடுதல் விலை கிடைத்தால் தனியாக விற்பதே லாபம் என்று தோன்றும், ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. சில இடங்களில் விற்பனை வரி வித்தியாசத் தொகைக்கு மட்டுமே. வரி 8 சதவீதம், உங்கள் வண்டி 40 என்றால் டீலரிடம் கொடுப்பதிலேயே 3.2 மிச்சம். வெளியில் 43.2-க்கு மேல் கிடைத்தால்தான் தனியாக விற்பது லாபம்.

கையெழுத்துக்கு முன் தாளை வரி வரியாகப் படியுங்கள். கேட்காத கோட்டிங், கூடுதல் வாரன்ட்டி, ஆவணக் கட்டணம் அங்கேதான் நுழையும். செய்து தருவதாகச் சொன்ன ரிப்பேர் தேதியோடு எழுத்தில் வரட்டும். உங்கள் வண்டியைக் கொடுக்கும்போது அதில் பதிந்த போன் எண்களையும் வீட்டு முகவரியையும் அழித்துவிட்டு, ஒப்படைத்த தேதி, நேரம், மீட்டர் அளவு குறித்த ரசீது வாங்குங்கள். பெயர் மாற்றம் முடியும் வரை அந்த வண்டிக்கு வரும் அபராதம் உங்கள் பெயருக்கே வரும். அப்போது காட்டுவதற்கு அந்த ரசீது வேண்டும்.