பெரியம்மாவின் ஒன்னேகால் ரூபாய்

இந்த ஆடிப்பெருக்குக்குத் தர்மபுரி மாவட்டத்துத் தீர்த்தமலை சிவன் கோயிலுக்குப் போய்வந்தோம். 46 வருடமாகச் செலுத்தாமல் கிடந்த வேண்டுதல். நேர்ந்துகொண்டவர் என் பெரியம்மா. அவர் நேர்ந்துகொண்டது எனக்காக.

பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா இல்லை. அப்பாவின் மூத்த தாரம். அவருக்குப் பிள்ளை இல்லை என்று அப்பா என் அம்மாவைக் கட்டினார். காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்கள் ஊர். மாந்தோப்பை ஒட்டிப் புதுவீடு கட்டி அப்பா எங்களோடு இருந்தார். பெரியம்மா பழைய வீட்டில் தனியாக இருந்தார். நடுவில் பத்துப் பன்னிரண்டு வீடுதான். ஆனாலும் சாதாரண நாளில் அப்பா அந்தப் பக்கம் போய் நான் பார்த்ததில்லை.

மாரியம்மன் திருவிழா வந்தால் மட்டும் எல்லாம் மாறிவிடும். அப்பா ஊர்ப் பெரியதனம். முதல் மாவிளக்கு எங்கள் குடும்பத்தோடது. அதைத் தலையில் வைத்துக்கொண்டு கரகத்துக்குப் பின்னால் நடப்பது பெரியம்மா. கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையக் குங்குமத்தோடு வருவார். அப்பா பக்கத்தில் நடப்பார். பூசாரி முதல் தட்டை அவர்களிடம் நீட்டுவார். ஊரில் கல்யாணம் என்றால் தாலியைத் தொட்டுக் கொடுக்க முதலில் பெரியம்மாவைத்தான் தேடுவார்கள். கும்பாபிஷேகத்தில் தம்பதியாகச் சங்கல்பத்துக்கு உட்கார்ந்ததும் அவர்தான். என் அம்மா கூட்டத்தோடு நின்று கும்பிடுவார். எல்லாம் முடிந்ததும் அப்பா எங்களோடு புதுவீட்டுக்கு வந்துவிடுவார். பெரியம்மா அந்தப் பட்டோடு பழைய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அவர் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

சின்ன வயதில் என்னைத் தர்மபுரிக் கோட்டைக் கோயிலுக்கு முதன்முதலில் கூட்டிப்போனதும் பெரியம்மாதான். கல்யாண காமாட்சி சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி ராமாயணத்தைச் சின்னச் சின்னச் சிற்பமாகச் செதுக்கியிருப்பார்கள். என் உயரத்துக்குச் சரியாக இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றிக் கதை சொல்லிக்கொண்டே வருவார். மற்றதெல்லாம் வேகமாகப் போகும். கோசலை பேச்சு வந்தால் மட்டும் குரல் நிதானமாகிவிடும்.

பிறகு நான் தமிழ் ஆசிரியை ஆகி, கம்பனையும் வால்மீகியின் உரைகளையும் படித்தபோதுதான் அந்த நிதானம் புரிந்தது. கோசலை தசரதனின் பட்டத்துராணி. அசுவமேதத்தில் குதிரையை வலம் வந்து செய்ய வேண்டிய சடங்குக்கு அவள் வேண்டும். வேள்விப் பாயசத்தில் பாதி அவளுக்கு. ஆயிரம் கிராமங்கள் அவள் சீவனத்துக்கு விடப்பட்டிருந்தன என்று இலக்குவன் வாயாலேயே வால்மீகி சொல்கிறார். இன்றைக்கும் விடிகாலையில் பெருமாளை எழுப்பும் சுப்ரபாதத்தில் முதல் சொல் அவள் பெயர்தான். ஊருக்கு முன்னால் அத்தனை கௌரவம். வீட்டுக்குள்ளேயோ, கைகேயியின் பணிப்பெண்களுக்குச் சமமாக, அதற்கும் கீழாகத்தான் இருந்தேன் என்று காட்டுக்குப் புறப்படும் மகனிடம் சொல்லி அழுகிறாள். தசரதனே கைகேயியிடம் அதை ஒப்புக்கொள்கிறான். பணிப்பெண்ணாக, தோழியாக, மனைவியாக, உடன்பிறந்தவளாக, தாயாக எல்லாம் எனக்கு இருந்தாள், உனக்காகவே அவளுக்குச் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்யாமல் விட்டேன் என்கிறான். அந்த இடத்தை முதன்முதலில் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்பா ஒருநாளாவது இப்படி யாரிடமாவது சொல்லியிருப்பாரா என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

பரதன் கோசலையிடம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. அண்ணன் காட்டுக்குப் போனதில் எனக்குப் பங்கிருந்தால் இந்தப் பாவம் சேரட்டும், அந்தப் பாவம் சேரட்டும் என்று சத்தியத்துக்கு மேல் சத்தியம் செய்கிறான். அவள் அவனை அணைத்துக்கொண்டு அழுகிறாள். அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நான்தான் பரதன்.

1979இல் எனக்கு ஏழு வயது. மூளைக்காய்ச்சல். ஒரு ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, இனி எங்கள் கையில் இல்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு ஆடி 18. அம்மா அழுது அழுது மயங்கிக் கிடந்தாராம். பெரியம்மா பழைய வீட்டிலிருந்து வந்து என்னைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டு, மஞ்சள் துணியில் ஒன்னேகால் ரூபாய் முடிந்தார். பிள்ளை பிழைத்தால் தீர்த்தமலை ஏறி ராம தீர்த்தத்தில் குளிக்க வைத்து, அங்கிருக்கும் அம்பாள் வடிவாம்பிகைக்குப் புடவை சாத்துகிறேன் என்று. நான் பிழைத்தேன். மலைக்குத்தான் போகவில்லை. அப்பாவுக்கு நேரமில்லை, அப்புறம் மனமில்லை. தனியாகப் போக அன்றைக்கு அவரை யார் விட்டார்கள்? அந்த முடிச்சு டிரங்குப் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டது. போன பங்குனியில் கீழே விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்திருந்தபோதுதான், "கண்ணு, தீர்த்தகிரியாருக்குக் கடன் பாக்கி இருக்குது" என்று என்னிடம் சொன்னார். அதுவரை எனக்கு இந்த வேண்டுதல் பற்றி ஒரு வார்த்தை தெரியாது.

ஆடிப்பெருக்கு அன்றைக்கே போகவேண்டும் என்று பிடிவாதம். அவருக்கு 84 வயது. சரி என்று விடியற்காலை நாலு மணிக்கு வண்டி ஏறினோம். ஊத்தங்கரை தாண்டும்போது வெளுத்துவிட்டது. முன்சீட்டில் பெரியம்மா முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் வந்தார். எனக்குச் சங்கப் புலவர் அரிசில்கிழார் ஞாபகம் வந்தது. நம் தர்மபுரி அன்றைக்குத் தகடூர். அந்தத் தகடூர்ப் போரைக் கண்டு, அதியமான் எழினி விழுந்தபோது நெஞ்சுருகப் பாடியவர். அவரேதான் பேகனிடம் போய், உன் பொன்னும் மணியும் வேண்டாம், நீ கைவிட்டதால் வாடிக் கிடக்கும் உன் மனைவி கூந்தலில் மறுபடி பூச்சூடும்படி தேரைப் பூட்டு, அதுதான் எனக்குப் பரிசில் என்று கேட்டார். கபிலரும் பரணரும் பெருங்குன்றூர்க் கிழாரும்கூட அதையே கேட்டார்கள். மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் வாசலில், அவன் மனைவி கண்ணகிக்காக நாலு புலவர்கள். எங்கள் ஊரில் அப்பாவிடம் போய் அப்படிக் கேட்க ஒரு ஆள் இல்லை. மகள் நானாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அனுமந்தீர்த்தத்தில் இறங்கினோம். ராமர் பூஜைக்குக் காசியிலிருந்து தீர்த்தம் கொண்டுவரப் போன அனுமன் தாமதமாக, ராமர் அம்பெய்து மலையிலேயே தீர்த்தம் வரவழைத்துவிட, அனுமன் வருத்தத்தில் வீசிய தீர்த்தம் விழுந்த இடம். இங்கே நனைந்துவிட்டுத்தான் மலைக்குப் போக வேண்டும். தென்பெண்ணைக் கரையில் நிற்க இடமில்லை. புதுத்தாலி மாற்றுகிற பெண்கள், முளைப்பாரி, குழந்தைகள் அழுகை. பெரியம்மாவைப் படியில் உட்காரவைத்துச் செம்பில் மொண்டு ஊற்றினேன். வண்டி நிறுத்த ஒருவர் காசு வாங்கினார், பத்தடி தள்ளி இன்னொருவர் மறுபடியும் வாங்கினார். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மலையடிவாரத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வண்டிக் கதவைத் திறப்பதற்குள் தேங்காய்ப் பழத் தட்டை மடியில் வைத்து, விலை கேட்டால் மூன்று மடங்கு சொல்கிறார்கள். வேண்டாம் என்றால், வேண்டுதலுக்கு வந்துவிட்டுக் கணக்குப் பார்க்கிறீர்களே என்கிறார்கள். "பாட்டியை நாங்கள் தூக்கிட்டுப் போறோம், ரெண்டாயிரம் குடுங்க" என்று இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்ததில் பெரியம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. நான் சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள். சாமி பார்க்க வருகிற வயதானவர்களிடம் இப்படி நடக்கலாமா?

ஏற முடியாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. அடிவாரத்திலும் தீர்த்தகிரீசுவரருக்குக் கோயில் இருக்கிறது. அங்கே மண்டபத்தில் என் வீட்டுக்காரரோடு உட்காரவைத்தேன். முடிச்சையும், பழைய டிரங்குப் பெட்டி வாசனையோடு ஒரு புடவையையும் என் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு மலையைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாருக்காக நேர்ந்தாரோ அவளே ஏறட்டும் என்று தீர்த்தகிரியார் 46 வருடம் காத்திருந்திருக்கிறார்.

ஏற்றம் ஒன்றும் லேசில்லை. எனக்கு மூட்டுவலி உண்டு. பாதி வழியில் ஒரு குரங்கு வாழைப்பழத்தோடு பையையும் பிடுங்கப் பார்த்தது. புடவையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மேலேயிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த ஒரு அம்மா குச்சியால் விரட்டிவிட்டு, எழுந்திரு தாயி, அவன் கூப்பிட்டுட்டான், நீ ஏறிடுவ என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

ராம தீர்த்தம் உயரத்திலிருந்து பாறையில் வழிந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. கூட்டத்தில் இடித்துத் தள்ளிக்கொண்டுதான் நின்றேன். முதல் தண்ணீர் உச்சியில் விழுந்ததும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. ஏழு வயதில் நெருப்பாகக் கொதித்த தலை இது. யாரோ பெற்ற பிள்ளைக்காக, தன் இடத்தில் வந்து உட்கார்ந்தவளின் பிள்ளைக்காக, ஒருத்தி கேட்டு வாங்கிய தலை. ராமா ராமா என்று சொல்ல வாயெடுத்தேன். பெரியம்மா பெரியம்மா என்றுதான் வந்தது.

ஈர உடையோடு சுவாமியைத் தரிசித்துவிட்டு வடிவாம்பிகை முன்னால் வந்தேன். பின்னாலிருந்து நகருங்கள் நகருங்கள் என்று தள்ளினார்கள். குருக்கள் புடவையை வாங்கிப் பிரித்தார். அப்போதுதான் பார்த்தேன், அது திருவிழாவுக்குக் கட்டுகிற அந்தக் கல்யாணப் பட்டு. அப்பா போனபிறகு அவர் உடுத்தாமல் வைத்திருந்தது. குருக்கள் என்னை ஒருமுறை பார்த்தார். என்ன புரிந்ததோ, ஒன்றும் கேட்காமல் அம்பாள் தோளில் சாத்தி, தீபத்தை நிதானமாக உயர்த்திக் காட்டினார். ஜரிகையில் அந்த வெளிச்சம் பட்டது. மாவிளக்குச் சுடரில் நடந்துவந்த பெரியம்மா அங்கே நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் வந்து நிற்க வேண்டிய தேவையே இல்லாமல், முழு ராணியாக நின்றார். தாயே வடிவாம்பிகே, நீ எனக்குக் காட்டியதை நான் எப்படிச் சொல்வேன்! கும்பிடக்கூடக் கை எழவில்லை.

உண்டியலில் போடும் முன் முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். ஒரு ரூபாய்க் காசு ஒன்று, 25 காசு ஒன்று. அந்த 25 காசு 2011லேயே செல்லாமல் போய்விட்டது. அம்பாளிடம் செல்லும். இரண்டையும் மஞ்சள் துணியோடு சேர்த்துப் போட்டேன்.

இறங்கி வருவதற்கு மதியமாகிவிட்டது. பெரியம்மா தூணில் சாய்ந்து வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். செம்பிலிருந்த தீர்த்தத்தைக் கையில் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. முதலில் என் தலையில் மூன்று தரம் தெளித்தார். நெற்றியைத் தடவிச் சூடு இருக்கிறதா என்று பார்ப்பதுபோலப் புறங்கையை வைத்துப் பார்த்தார். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. இத்தனை வருடம் உங்களுக்காக நான் ஒரு வார்த்தை பேசவில்லையே பெரியம்மா என்று மடியில் முகத்தை வைத்து அழுதேன். "நீ இருக்கியே கண்ணு, அதுக்குத்தான கேட்டேன்" என்றார்.

பிறகு ஒரு மடக்குத் தீர்த்தம் குடித்துவிட்டு, செம்பில் மீதி எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.

"இத ஒரு பாட்டில்ல ஊத்தி பத்திரமா வச்சிக்க. போற வழியில உங்கம்மா வூட்டாண்ட நிறுத்தச் சொல்லு. முட்டி வலின்னு சொல்லிட்டு இருந்தா, பாவம்."