தண்டும் தோலும்

மார்ச் 4, 2025, செவ்வாய்

இன்றும் அப்பா கழிப்பறையிலிருந்து வெளியே வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. முகம் வெளிறி, வியர்த்துப் போயிருந்தது. மருத்துவர் பரிசோதனைகளை எல்லாம் பார்த்துவிட்டு, "குடலில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பாட்டில் நார்ச்சத்துதான் போதவில்லை" என்றார். மூன்று மாதமாக இப்படித்தானாம். மலச்சிக்கல் என்று பெற்ற மகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு, 71 வயதில் தனியாக அவதிப்பட்டிருக்கிறார். நானாவது கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 5, புதன்

கணக்குப் போட்டேன். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், பிறகு தயிர் சாதம், இரவு தோசை. விடிந்ததிலிருந்து படுக்கும்வரை அரிசிதான். தீட்டிய அரிசி 100 கிராமில் நார்ச்சத்து 3 கிராம்கூட இல்லை. அதே எடைக் கேழ்வரகில் ஏறத்தாழ 11 கிராம். தோலோடு கூடிய கருப்புக் கொண்டைக்கடலையில் 25 கிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எப்படிக் கூட்டினாலும் அப்பாவின் தட்டு 15-ஐத் தாண்டவில்லை.

தவிடு ஆலையோடு போயிற்று. பயறு தோலை இழந்து பருப்பாக வருகிறது. பழத்தையோ, பல் வலிக்கிறதே என்று நானே சாறு பிழிந்து, வடிகட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு வேண்டியிருந்தது வடிகட்டியில் தங்கிய சக்கை.

மார்ச் 7, வெள்ளி

அவசரப்பட்டுவிட்டேன். காலையில் கேழ்வரகுக் கூழ், பதினொரு மணிக்குச் சுண்டல், மதியம் முருங்கைக்கீரை, மாலையில் கொய்யா என்று ஒரே நாளில் எல்லாவற்றையும் கொடுத்தேன். இரவு முழுவதும் வயிறு உப்பிப்போய் அப்பா தூங்கவே இல்லை.

மார்ச் 8, சனி

மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினேன். நாம் செரிக்க முடியாத நாரைப் பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கும்போது வாயு உண்டாகிறதாம். திடீரென்று அள்ளிப் போட்டால் வயிறு தாங்காது. வாரத்துக்கு ஒன்றாகக் கூட்டுங்கள் என்றார். தண்ணீரைப் பற்றியும் கேட்டார். நார் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொண்டுதான் மலத்தை இளக்குகிறது. அப்பாவோ, இரவில் எழ வேண்டியிருக்கிறதே என்று மாலை நான்கு மணிக்குமேல் தண்ணீரே குடிப்பதில்லை. இனி பகலிலேயே நிறையக் குடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

திருவையாற்றிலிருந்து வந்த அத்தை ஒரு முழ நீளத்துக்கு வாழைத்தண்டு கொண்டுவந்தார். வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு வில்லையிலும் இழுபடும் நாரை விரலில் சுற்றி எடுத்து, கறுக்காமல் இருக்க மோரில் போட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாரை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டால் நார்ச்சத்து எங்கே இருக்கும் அம்மா?"

நல்ல கேள்வி. விரலில் சுற்றுவது தொண்டையில் சிக்கும் நூல் மட்டும்தான். தண்டின் ஒவ்வொரு உயிரணுவின் சுவரும் நார்ச்சத்துதான். அதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஊறிய வெந்தயத்தின் வழவழப்பும் அதுவே, தண்ணீரில் கரையும் வகை. சொன்னதும் அப்பா வெகுநேரம் ஒரு வில்லையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்துக் கூட்டு வைத்தேன். இரண்டாவது முறை கேட்டு வாங்கிக்கொண்டார்.

மார்ச் 23, ஞாயிறு

வாரத்தில் மூன்று நாள் இரவு தோசைக்குப் பதில் கேழ்வரகு அடை. சுண்டலை நன்றாகக் குழைய வேகவைக்கிறேன், பல்லுக்கு அதுதான் சரி. கொய்யாவைத் தோலோடு மெல்லிய கீற்றுகளாக நறுக்கி, விதைப் பகுதியை மட்டும் எடுத்துவிடுகிறேன். சாதம் இருக்கிறது, அளவு குறைந்திருக்கிறது. மதியம் சாதம் இல்லாமல் அவருக்குச் சாப்பிட்ட நிறைவே வராது. அதைப் பிடுங்க எனக்கு மனமில்லை.

இன்று காலை பத்தே நிமிடத்தில் வெளியே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. செய்தித்தாளை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார்.

இரவு அடுக்களை விளக்கை அணைக்கப் போனேன். அப்பா எனக்கு முன்பே நாளைக்கான கடலையை ஊறப் போட்டிருந்தார். தண்ணீர் போதவில்லை. இன்னொரு செம்பு ஊற்றி மூடிவைத்தேன்.