சும்மா கிடந்த மெமரி

"சார், ஒர்க் மெம்மை ஏத்துறதை ரிப்போர்ட் யூசருக்கு மட்டும் வச்சா போதாதா?" என்று என்னோடு பணிபுரியும் இளைய பொறியாளர் கேட்டார். "சர்வர் முழுக்கவே வச்சிடலாம்மா, மெமரி சும்மாதானே கிடக்கு" என்றேன். எட்டு மாதங்கள் கழித்தும் அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில், வரிசைப்படுத்தல் போன்ற வேலைகள் எவ்வளவு மெமரி எடுக்கலாம் என்று சொல்லும் அமைப்பு ஒர்க் மெம்; அது இயல்பாகவே 4 எம்பிதான். மாத அறிக்கையின் வினவல் எப்படி ஓடியது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸில், மெமரி போதாமல் டிஸ்க்கில் வரிசைப்படுத்தியதைச் சொல்லும் 'எக்ஸ்டர்னல் மெர்ஜ்' என்ற வரியும், அதனருகே டிஸ்க்கில் 140 எம்பி என்ற கணக்கும் இருந்தன. 256 எம்பியாக உயர்த்தியதும் 11 நிமிட அறிக்கை 4 நிமிடத்தில் முடிந்தது. அதில் நான் தவறவில்லை.

அடுத்த மாதம் முதல் தேதி காலையில் மெமரி தீர்ந்து, அப்போது ஏதாவது ஒரு பிராசஸைக் கொல்லும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர், ஓர் இணைப்பைக் கவனித்துவந்த போஸ்ட்கிரெஸின் பேக்எண்ட் பிராசஸைக் கொன்றது. அப்படி ஒன்று செத்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று கருதி, போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டுத்தான் மீண்டெழும். அந்தச் சில நிமிடங்களும் கவுண்டர்களில் பில் நின்றுபோனது.

ஒர்க் மெம் உச்சவரம்பே தவிர ஒதுக்கீடு அன்று என்று அன்று கூட்டத்தில் விளக்கினேன். அது உண்மைதான். ஆனால் அந்த வரம்பு இணைப்புக்கு ஒன்றல்ல, வரிசைப்படுத்தும் ஒவ்வொரு சார்ட்டுக்கும், அட்டவணைகளை இணைக்கவோ தொகுக்கவோ உதவும் ஒவ்வொரு ஹாஷுக்கும் தனித்தனி. 15ஆம் பதிப்பு முதல் ஹாஷ் வேலைகளுக்கு அதில் இரு மடங்கு வரை அனுமதியும் உண்டு. 200 இணைப்புகள், தலைக்கு ஒரே ஒரு சார்ட் என்றாலே 50 ஜிபி. தரவை எல்லா இணைப்புகளுக்கும் பொதுவாக மெமரியில் வைத்திருக்கும் ஷேர்டு பஃபர்ஸுக்கு 16 ஜிபி ஏற்கெனவே போயிருந்தது. இயந்திரத்தில் இருந்ததோ 64. இந்தப் பெருக்கலை நான் போடாமல் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் வரமாட்டார்கள் என்று தள்ளிவிட்டேன். முதல் தேதி எல்லாரும் வந்தார்கள்.

எந்த இயந்திரத்தில் ஓடப்போகிறது என்று தெரியாதவர்கள் வைத்த எண் 4 எம்பி. எனக்கு இயந்திரம் தெரியும். அதனாலேயே அவர்களைவிடக் குறைவாக அஞ்சினேனோ என்று தோன்றுகிறது. ஆனால் இயல்புநிலையைத் தொடாதே என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஷேர்டு பஃபர்ஸை 128 எம்பியிலேயே விட்டிருந்தால் அந்த சர்வர் தினமும் திணறியிருக்கும்.

இப்போது ரிப்போர்ட் யூசருக்கு மட்டும் 256, மற்றவர்களுக்கு 4. அந்த இளைய பொறியாளர் கேட்டது அதைத்தான். சென்ற வாரம், எஸ்எஸ்டிக்கு மாறியிருப்பதால், டிஸ்க்கில் அங்குமிங்கும் தாவிப் படிப்பதற்கு எவ்வளவு செலவு என்று போஸ்ட்கிரெஸ் கருதும் ரேண்டம் பேஜ் காஸ்ட்டை 4இலிருந்து 1.1 ஆக்கலாம் என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். குறித்துக்கொண்டார், எதுவும் கேட்கவில்லை.