நிறுத்தச் சொல்கிறீர்களா?

ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்தச் சொல்கிறீர்களா, வேண்டாம் என்கிறீர்களா என்று ஐரோப்பிய ஒன்றியக் கண்காணிப்புக் குழுவில் வந்த அதிகாரி நேராகவே கேட்டார். 2021 கடைசியில், கொழும்பில். மனித உரிமை நிபந்தனைகளோடு இலங்கைப் பொருட்களை வரியில்லாமல் ஐரோப்பாவுக்குள் விடும் சலுகை அது. "நிறுத்த வேண்டாம். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்காவிட்டால் நிறுத்துவோம் என்று அரசாங்கத்திடம் சொல்லிக்கொண்டே இருங்கள்" என்றேன். எங்கள் அமைப்பில் நாள் கணக்கில் சண்டை பிடித்து எடுத்த நிலைப்பாடு. அவர் எழுதிக்கொண்டார்.

எங்களோடு ஓர் அக்கா வந்திருந்தார். கணவர் அந்தச் சட்டத்தில் பல வருடமாக உள்ளே. வெளியே வந்ததும் கேட்டார்: "நிப்பாட்ட வேண்டாம் எண்டு நாங்களே சொல்லிப்போட்டம். பிறகு அவங்கள் என்னத்துக்குத் தம்பி பயப்பிடுறது?"

"கிளிநொச்சியில, வவுனியாவில எங்கட பிள்ளையளும்தானே கார்மென்ட்ஸ் பக்டரியில வேலை செய்யுதுகள் அக்கா" என்றேன். "சரி" என்றார். அந்தச் சரியைத்தான் இன்னும் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னதில் பொய் இல்லை. பிளஸ் போனால் ஆடைகளுக்கு 9.6 வீத வரி திரும்ப வரும். அது எந்த அமைச்சரின் சட்டைப்பையிலிருந்தும் போகாது. ஓவர்டைம்தான் முதலில் வெட்டுப்படும். 2010இல் பிரசல்ஸ், அதாவது ஐரோப்பிய ஒன்றியம், 15 நிபந்தனைகளுக்கு எழுத்தில் உறுதி கேட்டது, கொழும்பு முடியாது என்றது, ஆகஸ்டில் சலுகை போனது. இறையாண்மைப் பேச்சுக்குக் கைதட்டு விழுந்தது. சட்டம் அசையவில்லை. 2017இல் சலுகையைத் திருப்பிக் கொடுத்தபோதும் சட்டத்தை நீக்குவோம் என்ற வாக்குறுதிதான் இருந்தது.

ஆனால் 2021 ஜூன் 10ஆம் திகதி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவதைப் பரிசீலிக்கும்படி ஐரோப்பிய நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. 24ஆம் திகதி, அந்தச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட 16 பேர் பொதுமன்னிப்பில் வெளியே வந்தார்கள். அழுத்தம் வேலை செய்யும் என்பதற்கு இதைத்தான் அன்று உதாரணமாகச் சொன்னேன். அந்த அழுத்தத்தைக் கொடுத்தவர்கள் 'நிறுத்த வேண்டாம்' என்று தொடங்கவில்லை. அக்கா கேட்டதும் அதுதானே? அவருடைய ஆள் அந்த 16 பேரில் இல்லை.

சலுகை போகவில்லை. 2022 மார்ச்சில் சட்டத்தைத் திருத்தினார்கள்; வழக்குப் போடாமலே தடுப்பு உத்தரவில் வைத்திருக்கக்கூடிய உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமானது. இதை முன்னேற்றம் என்று எழுதுவதா என எங்களுக்குள் மறுபடி சண்டை. ஆகஸ்டில் அதே சட்டத்தில் மாணவச் செயற்பாட்டாளர்கள் மூவரைத் தடுத்து வைத்தார்கள்.

நான் நிறுத்தச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது, ஒரு சின்ன அமைப்பின் பேச்சுக்கு பிரசல்ஸ் ஆடாது என்று சில நாள் தோன்றும். அப்படியென்றால் அந்த மேசைக்கு அக்காவை ஏன் கூட்டிக்கொண்டு போனோம்? தொழிற்சாலைப் பிள்ளைகளிடமாவது கேட்டோமா என்றால், அவர்களுடைய தொழிற்சங்கத்திடம் கேட்டோம். அவர்கள் நிறுத்த வேண்டாம் என்றார்கள். வேறு என்ன சொல்வார்கள்.

ஒன்றியத்தின் அடுத்த கண்காணிப்புச் சுற்றுக்கான எங்கள் அறிக்கை வரைவையும் நான்தான் எழுதினேன். நிலைப்பாடு அதேதான். மாற்றி எழுத உட்கார்ந்தேன், மாற்றுவதற்கான நியாயம் ஒன்றும் பிடிபடவில்லை.