இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டவர்கள்

கொழும்பிலுள்ள ஓர் அரசாங்க மருத்துவமனையில், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கான குருதிச் சுத்திகரிப்புப் (டயலிசிஸ்) பிரிவில் பல ஆண்டுகளாகத் தாதியாகப் பணியாற்றி வருகிறேன். மற்ற விடுதிகளில் நோயாளர் வருவர், தேறியதும் வீடு திரும்புவர். எங்களிடம் வருபவர்களோ, மாற்றுச் சிறுநீரகம் வாய்க்கும் வரை, வாய்க்காவிட்டால் ஆயுள் உள்ள வரை, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 4 மணித்தியாலங்கள் இயந்திரத்தின் அருகே கிடக்க வேண்டும். நான் அறிந்த துன்பம் பெரும்பாலும் இந்த வகையானது: திடீரென்று வந்து தாக்கிவிட்டுப் போகாமல், நாட்காட்டியில் இடம் பிடித்து உட்கார்ந்துவிடுவது.

இந்நோய் மனிதரிடமிருந்து எவற்றைப் பறிக்கிறது என்பது வெளியே இருப்பவர்களுக்கு எளிதில் தெரியாது. கொழும்பு வெயிலில் தண்ணீரைக் கூட அளந்துதான் குடிக்க வேண்டும். பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பே நின்றுவிடலாம் என்பதால் தம்பிலி இளநீரும் வாழைப்பழமும் விலக்கப்படுகின்றன. வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தான் மட்டும் குடிக்காமல் இருப்பது ஊசி குத்துவதைவிடக் கடினம் என்று ஓர் அம்மா என்னிடம் சொன்னார். விருந்தோம்பலையே பண்பாகக் கொண்ட ஒருவருக்கு அது சிறிய இழப்பல்ல.

ஆனாலும் நான் கண்டவற்றுள் மிகவும் கொடிய இழப்பு தொழிலை இழப்பதுதான். புறக்கோட்டைச் சந்தைப் பகுதியில் நாட்டாமை வேலை, அதாவது மூட்டை தூக்கும் வேலை, பார்த்த ஒருவர் எங்களிடம் வந்து சேர்ந்தார். குறுக்குத் தெருக்களின் மொத்த வியாபாரக் கடைகளுக்கு மூட்டை சுமந்தே மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். சுத்திகரிப்புக்காக முன்கையின் நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சையால் இணைத்து, அந்த நாளம் தடித்து உரம்பெறச் சில வாரங்கள் காத்திருப்போம். அதன் பின்னர் அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதில் குருதி அமுக்கம் அளக்கக் கூடாது, அதன்மேல் படுத்து உறங்கவும் கூடாது. இவற்றை நான் விளக்கி முடித்தபோது அவர், “மிஸ், கையை எடுத்துப்போட்டு ஆளை மட்டும் வைச்சிருக்கிறீங்க” என்றார். அவருடைய உயிரைக் காக்கும் கை எதுவோ அதுவே அவருடைய பிழைப்பை முடித்துவைத்த கையுமாயிற்று.

இத்தகைய வேளையில் கிறிஸ்தவர்களாகிய நாம் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லப் பழகியிருக்கிறோம். “தேவன் ஒரு நோக்கத்தோடுதான் இதை அனுமதித்திருக்கிறார்” என்ற வாக்கியம், சுகமாக இருப்பவரின் வாயிலிருந்து படுத்திருப்பவரின் காதுக்குப் போகும்போது, பெரும்பாலும் சொன்னவரைத்தான் ஆற்றுகிறது. வேதாகமத்தில் பெருந்துன்பத்துக்கு ஆளான யோபுவின் நண்பர்கள் ஏழு நாட்கள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள். துன்பத்துக்குக் காரணம் கற்பிக்கத் தொடங்கிய பிறகுதான் கெட்டார்கள். யோபு அந்த விளக்கங்களை ஏற்கவில்லை, தேவனையும் விட்டுவிடவில்லை. “என் ஆவி பிரியுமட்டும் என் உத்தமத்தை என்னைவிட்டு விலக்கேன்” என்று அவர் சொல்வதில் நான் காண்பது, தன்னைப் பற்றிப் பிறர் எழுதும் தீர்ப்புக்குக் கையொப்பமிட மறுக்கும் ஒரு மனிதரின் உறுதி. கடைசியில் தேவன் கடிந்துகொள்வதும் அந்த நண்பர்களைத்தான்.

அந்த நாட்டாமை ஐயாவுக்கு நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. அவர் சைவர், ஆனால் கொழும்பில் எல்லா மதத்தவரும் செல்வதைப் போலச் செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் செல்பவர். 2019 உயிர்த்த ஞாயிறன்று குண்டு வெடித்த அக்கோயில் ஜூன் மாதத்தில் மீண்டும் திறக்கப்பட்டபோது, இடிந்த இடத்துக்கே ஆட்கள் திரும்பிப் போகிறார்கள் என்பதே அவருக்குப் பெரிய செய்தியாக இருந்தது. மெதடிஸ்த சபையில் வளர்ந்த எனக்குத் திருத்தலப் பழக்கம் அதிகமில்லை என்றாலும், அவர் சொன்னது விளங்கியது.

மெல்ல மெல்ல அவர் எங்கள் பிரிவில் ஒரு வேலையைத் தாமாகவே எடுத்துக்கொண்டார். குழாயில் தம் இரத்தம் ஓடுவதைக் கண்டு முதல் நாள் மிரளும் நோயாளரை அருகே அழைத்து, தம் முன்கையில் விரல் வைக்கச் சொல்லி அதன் அதிர்வை உணரச் செய்வார். தமிழ் மட்டுமே தெரிந்த தோட்டத்து அம்மாவுக்கும் சிங்களம் மட்டுமே தெரிந்த விவசாயிக்கும் அவரவர் மொழியில் விவரம் சொல்வார். 2022இல் எரிபொருள் இல்லாமல் நகரமே நடந்து திரிந்த மாதங்களில், யாருக்கு எந்தப் பக்கம் முச்சக்கர வண்டி கிடைக்கும் என்பது எங்களைவிட அவருக்கே தெரிந்திருந்தது. அக்காலத்தில் என்னோடு பணியாற்றிய சிலர் வெளிநாடு போனார்கள்; அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, நானும் விண்ணப்பப் படிவம் நிரப்பியவள்தான். நான் தங்கிவிட்டதில் விசுவாசத்துக்குப் பங்குண்டு, அந்த மனிதருக்கும் பங்குண்டு.

கதை இங்கேயே முடிந்திருந்தால், துன்பப்படுபவருக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் போதும் என்று எழுதியிருப்பேன். பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்து பேச்சும் போயிற்று. “இனி இவர் இருந்து என்ன பிரயோசனம், மிஸ்?” என்று அவருடைய மனைவி கேட்டபோது, பயன்பாட்டின்மேல் கட்டப்பட்ட அடையாளம் எதுவும் அந்தக் கேள்விக்கு முன் நிற்காது என்பது எனக்குப் புரிந்தது. என் விசுவாசம் பேச வேண்டிய இடம் அதுவே. யோர்தான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்ற வேளையில் “நீர் என்னுடைய நேசகுமாரன்” என்ற தேவனின் குரல் இயேசுவுக்குக் கேட்டபோது, மாற்கு தம் சுவிசேஷத்தில் எழுதியபடி பார்த்தால், அவர் இன்னும் ஒருவரையும் சுகப்படுத்தவில்லை. சிலுவையில், குணமாக்கிய கைகள் ஆணியால் அறையப்பட்டு எதுவுமே செய்ய முடியாமல், கைவிடப்பட்டவராக அவர் கதறியபோதும் அந்த உறவு அறுந்துவிடவில்லை என்பதே நாங்கள் அறிக்கையிடும் நற்செய்தி. மனிதருக்குப் பெயர் முதலில் கிடைக்கிறது, வேலை பின்னரே வருகிறது. வேலை போன பின்னும் பெயர் போவதில்லை.

இதை நான் அந்த அம்மாவிடம் இப்படியெல்லாம் விரித்துச் சொல்லவில்லை. “ஐயாவை நாங்கள் ஐயா என்றுதானே கூப்பிடுகிறோம்” என்று மட்டும் சொன்னேன். அது போதுமான பதில்தானா என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

ஆயினும் பணியில் ஒன்றை மாற்றிக்கொண்டேன். பணிநேரம் முடிந்து அடுத்து வரும் தாதியரிடம் பொறுப்பளிக்கும்போது “மூன்றாம் மெஷின்”, “ஏழாம் மெஷின்” என்று நோயாளரைக் குறிப்பிடுவது எங்கள் வழக்கம். நான் பொறுப்பளிக்கும்போது பெயரையும், அவர் என்ன தொழில் செய்தவர் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். இளம் தாதியருள் சிலர் இதற்குச் சிரிப்பார்கள். மூத்த ஒருவர் நேரம் வீணாகிறது என்று கண்டித்தும் இருக்கிறார். நேரம் ஆவது உண்மைதான். சொல்வதை நான் நிறுத்தவில்லை.