பத்து நிமிஷத்தில் எந்த வரி?

டைப்ரைட்டிங் பழகுகிறவர்களுக்கு முதலில் தகராறு செய்வது இடது கை சுண்டு விரல்தான். இங்கிலீஷில் ‘ஏ’, தமிழில் ‘ய’, இரண்டும் அந்த விரலின் பங்கு. கம்ப்யூட்டர் கீபோர்டில் லேசாகத் தொட்டால் போதும். பழைய மெஷினில் அழுத்தி அடிக்காவிட்டால் எழுத்து தாளில் பாதி வெளுப்பாக விழும். சேர்ந்த புதிதில் என் தாள்களில் மற்ற எழுத்தெல்லாம் கறுப்பாக இருக்க, ‘ஏ’ மட்டும் தேடிப் பார்த்தால்தான் தெரியும். சார் அதைச் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, “இன்னொரு பக்கம் அடிம்மா” என்பார். அதே வரிதான். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், அந்தப் பக்கம் செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே.

நான் சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறேன். வயது முப்பதைத் தாண்டிவிட்டது, மகள் ஏழாவது படிக்கிறாள். டி.என்.பி.எஸ்.சி. நடத்துகிற குரூப் 4 தேர்வு எழுதி அரசு டைப்பிஸ்ட் வேலைக்குப் போக வேண்டும் என்பது பெரிய ஆசை. அதற்கு டைப்ரைட்டிங் சான்றிதழ் வேண்டும், தமிழிலும் இங்கிலீஷிலும். அதில் லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. இரண்டு மொழியிலும் ஹையர் முடித்தவர்களுக்கு முன்னுரிமை. அப்புறம் ஆபீஸ் ஆட்டோமேஷன் என்கிற கம்ப்யூட்டர் சான்றிதழ் இருக்கிறது. இதையெல்லாம் ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, பொதுத்தமிழும் பொது அறிவும் படிக்க வேண்டும். லோயர் இரண்டும் முடித்து, இந்த ஆகஸ்ட்டில் எழுதிய இங்கிலீஷ் ஹையரும் பாஸாகிவிட்டது. அதிலிருந்து அச்சகத்தில் இருக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “எப்படிக்கா விடாமப் போறீங்க?”

நான் ஒன்றும் மன உறுதிக்குப் பேர் போனவள் இல்லை. புது வருஷத்தில் சபதம் எடுத்து முடித்தது எதுவும் கிடையாது. என்னைப் போக வைத்தது காலை ஆறு மணி பேட்ச். அந்த நேரத்துக்கு ஜன்னலோரம் இருக்கிற ரெமிங்டன் எனக்கென்று ஒதுக்கியது. நான் போகாவிட்டால் அது சும்மா கிடக்கும், சார் பார்ப்பார். மறுநாள் திட்டவும் மாட்டார். “நேத்து மெஷின் காலியா இருந்துச்சு” என்று மட்டும் சொல்வார். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் அத்தனை பேர் முன்னால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதைவிட, ஐந்து மணிக்கு எழுந்து இட்லி ஊற்றி வைத்துவிட்டு ஓடுவது சுலபமாக இருந்தது. ஒழுக்கம் என்பது உள்ளுக்குள்ளிருந்து பொங்கி வரும் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. ஒரு நேரம், ஒரு இடம், எனக்காகக் காத்திருக்கிற ஒரு மெஷின், நாலு பேர் கண். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

இனி இலக்கு பற்றி. 2024 ஜூன் 9 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வேலை வாங்குவேன் என்று ஆசைப்படலாம். ஆனால் அதைத் தினசரி இலக்காக வைத்துக்கொண்டால் காலையில் எழுந்து என்ன செய்வது? கட் ஆஃப் எத்தனை என்பது என் கையில் இல்லை. எத்தனை பேர் என்னைவிட நன்றாக எழுதுவார்கள் என்பதும் இல்லை. டெலிகிராம் குரூப்பில் ஒரு தம்பி தினமும் பதினாலு மணி நேர டைம்டேபிள் போடுவான், கலர் கலராக. அதற்கு முந்நூறு ஹார்ட் விழும். அவன் அதன்படி படிக்கிறானா என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. வேலைக்குப் போகிற, சமைக்கிற, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற ஒருத்திக்கு அந்த டைம்டேபிள் எழுதப்படவில்லை என்பது மட்டும் தெரியும்.

டைப்ரைட்டிங்கில் இந்தக் குழப்பம் கிடையாது. கணக்கு வெட்டவெளிச்சம். ஐந்து தட்டு ஒரு வார்த்தை. லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, பத்து நிமிஷத்துக்கு 1,500 தட்டு. ஹையருக்கு 45 வார்த்தை, அதே பத்து நிமிஷத்தில் 2,250 தட்டு. லோயர் வேகத்தில் பாதியை அதன் மேலேயே கூட்டினால்தான் ஹையர். கேட்கும்போது மலைப்பாகத்தான் இருக்கும். சார் அந்த எண்ணையே பேசவிட மாட்டார். ஸ்பீடு பேப்பரைக் கையில் கொடுத்து கடிகாரத்தைப் பார்ப்பார். பத்து நிமிஷம் முடிந்ததும் நான் நின்ற வரியில் பென்சிலால் ஒரு கோடு. பிழைகளுக்குச் சுழி. “அடுத்த வாரம் இந்தக் கோட்டுக்கு ஒரு வரி கீழ வந்தாப் போதும், சுழி கூடக் கூடாது.” அவ்வளவுதான் இலக்கு. ஒரு வரி.

இதில் சூட்சுமம் இரண்டாவது பாதியில் இருக்கிறது: சுழி கூடக் கூடாது. வேகமாக அடிக்க வேண்டும் என்று நினைத்து அடித்தால் தெரிந்த வார்த்தைகளில் விரல் பறக்கும், தெரியாத வார்த்தை வந்ததும் முட்டி நிற்கும். பழைய மெஷினில் அப்படி ஏற்ற இறக்கமாக அடித்தால் கம்பிகள் இரண்டு மேலே போய் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அடிப்பதை நிறுத்தி, கையால் பிரித்துவிட்டு, விரலில் மையைத் துடைத்து, மறுபடி தொடங்க வேண்டும். அதற்குள் அரை வரி போயிருக்கும். ‘தி’யும் ‘கவர்ன்மென்ட்’டும் ஒரே தாளத்தில் போக வேண்டும் என்பார் சார். சுலபமானதில் வேகத்தை அடக்குவதுதான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. அடக்கப் பழகிய பிறகு, வேகத்தைப் பற்றி நினைக்காமலே கோடு கீழே இறங்கத் தொடங்கியது.

தமிழ் மெஷின் வேறு உலகம். முதல் பாடம் ‘யளனகபக’, அந்தப் பக்கம் ‘ட்மதாத’. இங்கே ஒரு விசித்திரம். ‘ட்’ அடிக்க முதலில் புள்ளியை அடிக்க வேண்டும். புள்ளி தாளில் விழும், ஆனால் தாளைப் பிடித்திருக்கிற வண்டி நகராது. அதற்குக் கீழே ‘ட’ வந்து உட்காரும். நாற்பத்துச் சொச்சம் விசைகளில் 247 எழுத்தையும் அடக்க வேண்டுமென்றால் இப்படி ஏதாவது செய்துதான் ஆக வேண்டும். இந்த நகரா விசையையும் தமிழ் விசைப்பலகையையும் தந்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்தவர், மலாயா பக்கம் போய் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். மெஷின்கள் ஜெர்மனியில் தயாராகி வந்தன. சம்பளத்துக்கு ஒரு வேலை பார்த்துக்கொண்டே இன்னொன்றைக் கட்டி எழுப்பிய மனிதர் என்பதால் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம். ஒவ்வொரு தடவை புள்ளியை முன்னால் அடிக்கும்போதும் இவர் எத்தனை ராத்திரி இதை யோசித்திருப்பார் என்று தோன்றும். எழுத்தை அடிக்கும் முன்னாலேயே அதற்குப் புள்ளி உண்டா இல்லையா என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் தமிழ் அடிப்பவர்கள் கண் எப்போதும் ஒரு எழுத்து முன்னால் ஓடும்.

சரி, சீசன் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

சிவகாசியில் வருஷம் ஜனவரியில் தொடங்காது. ஆடிப்பெருக்கு அன்று காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், அன்றிலிருந்து ஆர்டர் பிடிக்கத் தொடங்கி, தீபாவளி தாண்டி மார்கழி வரைக்கும் அச்சகத்தில் மூச்சுவிட முடியாது. தினசரி, மாதக் காலண்டர், டைரி. மெஷின் ராத்திரியும் ஓடும், பில்லும் ராத்திரிதான் போடுவேன். தை பிறந்து காலண்டரெல்லாம் கடைச் சுவரில் ஏறிய பிறகு ஊரே கொஞ்சம் கை காலை நீட்டும். தட்டச்சுத் தேர்வு வருஷத்துக்கு இரண்டு தடவை, பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும். பிப்ரவரித் தேர்வு எழுத வேண்டுமென்றால் கார்த்திகையிலும் மார்கழியிலும் பழக வேண்டும். அது எனக்கு நடக்காத காரியம். ஆகஸ்ட் என்றால் மாசியிலிருந்து ஆனி வரை முழுசாக என் கையில். அதனால் என் பேட்ச் பிள்ளைகள் எல்லாம் பிப்ரவரிக்குப் பணம் கட்டியபோது நான் கட்டவில்லை. “என்னக்கா, பயமா?” என்று ஒருத்தி கேட்டாள். பயம் ஒன்றும் இல்லை, ஐந்நூறு பேருக்குக் காலண்டர் பில் போட வேண்டியிருக்கிறது என்றேன். யாருடைய வருஷத்தையோ பார்த்து என் இலக்குக்குத் தேதி குறிக்க முடியுமா? பள்ளிக்கூட வாத்தியாருக்கு மே மாதம் ஓய்வு, ஜவுளிக்கடைக்காரருக்கு அந்த நேரம் கல்யாண முகூர்த்தம். அவரவர் சீசன் அவரவருக்கு.

அப்படியானால் சீசனில் என்ன செய்வேன் என்று கேட்பீர்கள். ஒரு மணி நேர வகுப்பு போக முடியாது, அதைச் சாரிடமே சொல்லிவிட்டேன். அவர் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து ஒரே ஒரு ஸ்பீடு அடித்துவிட்டுப் போகச் சொன்னார். பத்து நிமிஷம். தேர்வில் வருகிற மற்ற பாகங்களான லெட்டரும் ஸ்டேட்மென்ட்டும் வேண்டாம். இதில் வேகம் ஏறாது. கோடு அதே இடத்தில் நிற்கும், சில வாரம் ஒரு வரி மேலேகூட ஏறும். ஆனால் மாசியில் மறுபடி ஆறு மணி பேட்ச்சில் உட்காரும்போது விரல் ‘ஏ எஸ் டி எஃப்’பைத் தேடாது. என் வீட்டுக்காரருக்கு இது ஒத்துக்கொள்ளவில்லை. செய்தால் முழுசாகச் செய், இல்லாவிட்டால் விடு என்பார். அவர் பிரின்டிங் மெஷின் ஓட்டுகிறவர், ஓடுகிற மெஷினை அரைகுறையாக ஓட்ட முடியாது என்று அவருக்குத் தோன்றலாம். இன்றுவரை இதில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை.

குரூப் 4 படிப்பிலும் இதே வழியைத்தான் பிடித்திருக்கிறேன். மூன்று மணி நேரத்தில் 200 கேள்வி, 300 மதிப்பெண். அதில் 100 கேள்வி தமிழ். அடிப்படை ஆறாம் வகுப்பிலிருந்து பத்து வரைக்குமான சமச்சீர்ப் புத்தகங்கள். ஆறாவது புத்தகம் வீட்டிலேயே இருந்தது, மகள் போன வருஷம் படித்தது, அட்டை போய், நடுவில் பூவெல்லாம் வரைந்து. ‘தமிழில் தொண்ணூற்றைந்து’ என்று சுவரில் ஒட்டவில்லை. ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு பாடம், அதோடு புத்தகத்தை மூடிவைத்து ஞாபகத்திலிருந்து பத்து வரி. எந்த வரியில் நிற்கிறேன் என்று பார்ப்பேன், பென்சிலால் கோடு போடுவேன். படித்துக்கொண்டே இருந்தால் எல்லாம் தெரிந்த மாதிரிதான் இருக்கும். மூடினால்தான் வண்டவாளம் தெரியும். மகள் கேள்வி கேட்பாள், அவளுக்கு அதில் ரொம்பக் குஷி. நான் தடுமாறினால் சாரைப் போலவே “இன்னொரு பக்கம் அடிம்மா” என்பாள்.

கணக்குப் பகுதியை இன்னும் தொடவில்லை. தனிவட்டி, கூட்டுவட்டி அச்சகத்திலேயே பழகியது. எண்தொடர் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இதற்கிடையில் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. டிடிபி, அதாவது கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கிற வேலை பார்க்கிற பையன் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரம், தினசரித் தாளுக்கான மேட்டரை யாராவது அடிக்க வேண்டியிருந்தது. நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், சூலம், சந்திராஷ்டமம், 365 தாளுக்கும். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருப்பது டைப்ரைட்டர் லேஅவுட் என்பதால் விரல் தானாகப் போனது. முதலாளி பக்கத்தில் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். இப்போது புரூஃப் வேலையும் என்னிடம்தான், அதற்குத் தனியாகப் பணம் தருகிறார். குரூப் 4 கிடைக்குமோ கிடைக்காதோ, இந்தப் பணத்தில் ஆபீஸ் ஆட்டோமேஷன் ஃபீஸ் கட்டியாயிற்று.

அடுத்தது தமிழ் ஹையர். பிப்ரவரிக்கு எழுதச் சொல்லி சார்கூட இந்தத் தடவை சொன்னார், இங்கிலீஷ் கை சூட்டோடு சூடாகப் போய்விடலாமாம். மேஜையில் இன்னும் பில் போடாத ஆர்டர்களைக் காட்டும் மாதிரி ஒரு போட்டோ எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். “சரி, ஆகஸ்ட்” என்று பதில் வந்தது.